ஊசிக்கும் முதல் மரியாதை

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருடங்களாகத் தயங்கினேன். சாமி காரியத்தைக் குறை சொன்னதாகிவிடுமோ என்று பயம். எட்டாவது வரை படித்தவள் நான். சுற்றி வளைக்கத் தெரியாது.

கொரோனா இரண்டாம் தடவை பரவிய கோடை. ஒக்கூர்ப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குத் தடுப்பூசி வந்தது. ஒரே குப்பி, பத்துப் பேருக்குத்தான். சர்க்கரை, இழுப்பு உள்ளவர்களுக்கு முதலில் என்றார் நர்ஸம்மா. எனக்கு இரண்டும் உண்டு. முருகா என்று முந்தானையைச் செருகிக்கொண்டு முன்னால் போனேன்.

ஊர்ப் பெரியவர் மறித்தார். "இருங்கத்தா. யாருக்கு மொதல்லன்னு சண்டை வரும். கோயில்ல திருநீறு வாங்குற வரிசையிலயே போட்டுருவோம்."

எங்கள் கோயிலில் வம்சத்துக்கு ஒரு கரை; கரை வரிசைப்படிதான் திருநீறும் மரியாதையும். முதல் கரை என் வீட்டுக்காரருடையது. ஆனால் மரியாதை வாங்குவது ஆண்கள் மட்டும்.

நர்ஸம்மா வாதாடிப் பார்த்தார். சத்தம் கூடவும் ஓய்ந்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் சட்டைக் கையைச் சுருட்டியபடி சொன்னார்: "எனக்கு உள்ளத இவளுக்குப் போடுங்க. படுத்தா மூச்சு வாங்குறா."

"அப்ப மொதல் மரியாதைய விட்டுத் தாரீகளா? இன்னைக்கு விட்டா கோயில்லயும் விட்டதுதான். பெறகு வந்து கேக்கக் கூடாது" என்றார் பெரியவர்.

இரண்டாம் கரைக்காரர் சிரித்தார். "விடுங்க மச்சான். பரிவட்டம் என் தலைக்கு நல்லாத்தான் இருக்கும்."

பங்காளிகள் எல்லாரும் என் வீட்டுக்காரரையே பார்த்தார்கள். அவரால் முன்னால் போகவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை.

"குப்பியத் தொறந்தாச்சு, வாங்கய்யா" என்றார் நர்ஸம்மா.

"போய் உக்காருங்க" என்று நானே சொன்னேன். வேறு என்ன சொல்வது?

அடுத்த குப்பியும் வந்தது. அது என் வீட்டுக்காரரும் சேர்ந்த அதே பத்துப் பேருக்கு இரண்டாம் தவணை.

அதுவரைக்கும், அதற்குப் பிறகும் பின்கட்டு அறையில் அடைந்து கிடந்தேன். அவர் சாப்பாட்டை வாசற்படியில் வைப்பார்.

"காய்ச்சல் இருக்கா?"

"இல்ல. நீங்க அங்குட்டே நில்லுங்க."

அவர் வெளியே போய் வருகிறவர்; உள்ளே வரவும் பயம், என்னை விட்டுப் போகவும் பயம். நான் இருமும்போதெல்லாம் இதுதான் கொரோனாவோ என்று நினைப்பேன். முருகன் மேல் கோபம் வரும். கோபப்பட்டதற்குப் பயந்து உடனே கந்தா என்று கன்னத்தில் போட்டுக்கொள்வேன்.

கடைசியில் ஊரடங்கு தளர்ந்து பஸ் ஓடத் தொடங்கியதும் திருப்பத்தூரில்தான் எனக்கு ஊசி கிடைத்தது. யார் வீட்டுப் பெண் என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

படிக்கிறவர்கள் இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள். என் வீட்டுக்காரரைக் கெட்டவராக்காமல், என்னைத் தியாகியாக்காமல், எழுதியிருப்பது போலவே சொல்லுங்கள்.