ஒரு சாண் தையல்

அக்கா போய்ச் சேர்ந்த மூன்றாவது வாரம், நடனக் கல்லூரியிலிருந்து ஓர் ஆசிரியை வந்தாள். அக்காவின் நோட்டுகள் வேண்டுமாம்.

"பாட்டு இல்லாம, அலங்காரம் இல்லாம, தன் மனசுல இருந்தே ஒரு ஆட்டத்தை உருவாக்குன முதல் ஆள் இந்த ஊர்ல அவங்கதான்ம்மா. அந்த நோட்டையெல்லாம் நூலகத்துல எல்லாரும் பாக்குற மாதிரி வைக்கப் போறோம்."

எல்லாரும் பார்க்கிற மாதிரி என்றதும் எழுந்து நோட்டு அலமாரியைச் சாத்தினேன். "ஒரு தடவை படிச்சுட்டுத் தர்றேன், அடுத்த வாரம் வாங்க" என்று அனுப்பிவிட்டேன். நான் தையல்காரி. துணிக்கடை ரசீதைத் தவிர வேறெதையும் படித்தவள் இல்லை.

அக்கா ஒன்றும் பெரிய இடத்துப் பெண் இல்லை. தொலைபேசி நிலையத்தில் வேலை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் பலகையில் ஒயரைச் செருகுவாள், பிடுங்குவாள், "லைன்ல இருங்க" என்பாள். சாயங்காலம் ஒரு பழைய பஞ்சுக் கிடங்கின் சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு ஆடுவாள். என்ன ஆடுவாள் தெரியுமா? அதே வேலையைத்தான்! கை எட்டும், செருகும், பிடுங்கும், கழுத்து வலியில் சாயும். பார்த்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

என் வாய் சும்மா இருக்குமா? "ஏன்க்கா, ஆபீஸ்ல பண்றதையே இங்கயும் பண்றியே, ஓவர்டைம் கேட்டு வாங்கு."

"கேட்டுப் பாக்குறேன். நீ முதல்ல டிரெஸ்ஸைத் தைச்சுக் குடு, சின்னது." என்னை அவள் கூப்பிடுவது அப்படித்தான்.

வீட்டுக்கு வந்ததும் நோட்டை எடுத்துவிடுவாள். தீக்குச்சி உடம்போடு பொம்மைகள், அம்புக்குறிகள், எண்கள். அடியில் அன்றைய நாளைப் பற்றி இரண்டு வரி. காய்ச்சலில் கிடந்தாலும் எழுதாமல் விடமாட்டாள்.

ஒன்பது வருஷம் இப்படி ஓடிய பிறகுதான் ஊரின் பெரிய அரங்கத்தில் ஆடக் கூப்பிட்டார்கள். சாம்பல் நிறத்தில் கணுக்கால் வரை உடை, இடது பக்கம் முழங்காலுக்கு மேலே ஒரு சாண் ஏறும் வெட்டு என்று படம் போட்டே கொடுத்தாள். நானும் அப்படியே தைத்தேன்.

அப்போது எனக்கு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டார் முன்வரிசையில் உட்காரப் போகிறார்கள் என்று அம்மா சொன்னாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அக்காவின் தொடை தெரிந்தால் என் கல்யாணம் என்ன ஆகும்? நிகழ்ச்சியன்று காலையில் அவள் குளிக்கப் போன நேரம், அந்த வெட்டின் மேல்பக்கம் ஒரு சாணை அதே நிற நூலால் பொடித் தையல் போட்டு மூடினேன். தொடை மறைந்தால் போதும் என்று நினைத்தேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவளே வேறு வழி சொல்லியிருப்பாள். நான்தான் கேட்கவில்லை.

ஒரே பாய்ச்சலில் மேடையைக் கடக்கும் இடம். கால் விரியவில்லை, துணி பிடித்து நிறுத்தியது. முழங்கால் தரையில் இடித்த சத்தம் திரைக்குப் பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது.

வரன் வீட்டார் அன்றைக்கு வரவே இல்லை. மழை பெய்தது என்று வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். அப்புறம் அந்தப் பேச்சும் நின்றுபோனது.

மருத்துவமனையில் அம்மா தலையில் அடித்துக்கொண்டு கேட்டாள், "எப்படிடி விழுந்தே?"

"கூரை ஒழுகி இருக்கும்மா. தரை ஈரம். வழுக்கிடுச்சு."

உடையைப் பையில் போட்டுக் கொடுத்தார்கள். அவசரமாகப் பிரித்துப் பார்த்தேன். வெட்டு திறந்துதான் இருந்தது. விழுந்த வேகத்தில் நூல் அறுந்திருக்கிறது, யாருக்கும் தெரியாது, தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன். பாவி நான்!

அதன் பிறகு அக்கா ஆடவில்லை. இருபத்தாறு வருஷம் காலை இழுத்து இழுத்து வேலைக்குப் போய் வந்தாள். அம்மாவுக்குப் பிறகு இரண்டு அறை வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். முன்னறையில் என் மெஷின், ஜன்னல் பக்கம் அவள் நாற்காலி. யாரும் ஆடாத ஆட்டங்களை நோட்டில் போட்டுக்கொண்டே இருந்தாள். சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ தடவை வாய் வரை வந்தது. சொன்னால் என் கையால் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாளோ என்று பயந்து விழுங்கிவிட்டேன்.

முப்பத்து நான்கு நோட்டு. கத்தரிக்கோலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். என்னைப் பற்றி அதில் இருந்தால் வெட்டி எடுத்துவிட வேண்டும். வேறு எதற்குப் படிக்கக் கேட்டேன்?

பத்தாவது நோட்டில் அந்தத் தேதி வந்தது. பொம்மை இல்லை, அம்பு இல்லை. தாளில் ஒரு சாம்பல் நூல் ஒட்டியிருந்தது. அறுந்த நூலென்றால் முனை பிசிர் விட்டிருக்கும். இதில் பிசிரே இல்லை. தையல் தையலாகப் பிரித்து எடுத்த நூல், தைத்த இடமெல்லாம் வளைந்து கிடந்தது. என் பொடித் தையலை எனக்குத் தெரியாதா?

கீழே எழுதியிருந்தாள்: "உடையைக் கேட்டு வாங்கி, ஊக்கால் பிரித்துவிட்டேன். அம்மா கேட்டால் தரை ஈரம். யார் கேட்டாலும் தரை ஈரம். எனக்குத் தெரியும் என்று சின்னதுக்குத் தெரியவே கூடாது. தெரிந்தால் அவள் கை அப்புறம் ஊசி பிடிக்காது."

அக்கா, அக்கா என்று வாய்விட்டு அழுதேன். பதில் சொல்ல அவள் இல்லை.

சொன்னபடி ஆசிரியை வந்தாள். நோட்டுகளைக் கட்டி வைத்திருந்தேன், பத்தாவதை மட்டும் மேலே வைத்து. அவள் அடுக்கிக்கொண்டே கேட்டாள், "தரை ஈரத்துல வழுக்கித்தானே அவங்க கால் போச்சு? நாங்க அப்படித்தான் எழுதி வச்சிருக்கோம்."

நூல் ஒட்டிய பக்கத்தைத் திறந்து அவள் முன்னால் வைத்தேன்.

"தரை காஞ்சுதான் கிடந்துச்சும்மா" என்றேன். "இந்தத் தையலைப் போட்டது நான். அதையும் எழுதுங்க."