பக்கத்து வீட்டம்மா சொன்ன ஆவு

என் கணவர் ரோடு ஓவர்சியர். ஓசூரில் ஒரு மாத வேலை வந்தது. ஓட்டல் சாப்பாடு அவருக்கு ஆகாது என்பதால், மத்தூரிலிருந்து நானும் பாத்திரங்களோடு போய் ஒரு வாடகை வீட்டில் சமைத்துப் போட்டேன். அந்த வீடு முதல் நாளிலிருந்தே எனக்குப் பிடிக்கவில்லை. எங்கே சலசலத்தாலும் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன்.

மூன்றாம் நாள் காலை கிணற்றடியில் இருந்தேன். பக்கத்து வீட்டம்மா மதில் மேலாக எட்டி, என் சமையலறையைக் காட்டி, “ஆவு! ஆவு!” என்று அலறினார். நான் ஊரில் தெலுங்கு கேட்டு வளர்ந்தவள். தெலுங்கில் ஆவு என்றால் பசு. சோற்றுப் பானையில் வாய் வைத்துவிடுமே என்று கைதட்டி விரட்டிக்கொண்டே உள்ளே ஓடினேன். பசுவைக் காணோம். இந்தம்மாவுக்கு என்ன விளையாட்டு என்று முணுமுணுத்தபடி, அணையப்போன அடுப்புக்கு விறகெடுக்கக் குனிந்தேன்.

பின்னாலிருந்து யாரோ என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள். அந்த அம்மாதான்.

“பாம்பும்மா! கன்னடத்துல ஆவுன்னா பாம்பு!”

விறகுக் குவியலில் அது படமெடுத்து நின்றது.

தெருக்காரர்கள் வந்து அடித்துப் போட்டார்கள். ஊர் திரும்பும்வரை விறகைக் கோலால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன்.

இப்போதெல்லாம் எந்த ஊருக்குக் குடிபோனாலும், பால் காய்ச்சுமுன் பக்கத்து வீட்டுக்குப் போய், “பாம்புக்கு உங்க பேச்சுல என்னங்க?” என்று கேட்டுவிடுகிறேன். ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.