தெற்கு பார்த்த குழாய்

எங்கள் தெருவில் பகலில் தூங்குகிறவள் ஒருத்திதான். பெயர் அம்மணி. திண்டிவனத்தில் ஏரிக்கரையை ஒட்டிய எங்கள் தெருவுக்குள் காலை எட்டு மணிக்கு நீங்கள் வந்தால், ஊரே வெளியே ஓடிக்கொண்டிருக்கும். அவள் மட்டும் கையில் டிபன் தூக்கோடு, கண்ணைப் பாதி மூடியபடி உள்ளே வந்துகொண்டிருப்பாள். பள்ளிக்கூட வேனுக்கு நிற்கிற பிள்ளைகள் ஒதுங்கி வழிவிடும். தூங்கிக்கொண்டே நடக்கிற ஆளை இடிக்கக் கூடாது என்று அதுகளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அம்மணி ஓர் ஆஸ்பத்திரியில் இரவு டூட்டி ஆயா. விரிப்பு மாற்றுவது, நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பது, தண்ணீர் கேட்டால் கொடுப்பது, பயந்தால் பக்கத்தில் உட்காருவது. கணவர் இல்லை. மகள் மெர்லின் விழுப்புரத்தில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். அந்தப் படிப்பு முடியும்வரை இந்த வேலை போகக் கூடாது. வேலை போகாமலிருக்க அம்மணி இரவில் விழித்திருக்க வேண்டும். விழித்திருக்கப் பகலில் தூங்க வேண்டும். நான் எதிர்வீட்டுக் கலையரசி. ஜன்னலோரம் தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு தெருவைப் பார்ப்பது என் வேலை. நடுநடுவே துணியும் தைப்பேன்.

அம்மணி வீட்டுக்கு மேற்கே, ஒரு சின்னச் சந்து விட்டு, ரேடியோ செட் வெங்கடாசலத்தின் வீடு. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, சாவு, எதுவானாலும் சுற்றுப்பட்ட ஊர்களுக்கெல்லாம் மைக்கும் ஸ்பீக்கரும் அவருடையதுதான் போகும். அவர் வீட்டு மொட்டை மாடியில் ஓர் இரும்புக் கம்பம். அதன் தலையில், புனல் மாதிரி வாயைத் திறந்துகொண்டு ஒரு குழாய் ஸ்பீக்கர். காலையில் டெம்போவில் சாமானை ஏற்றுவதற்கு முன்னால் செட்டை அந்தக் குழாயில் போட்டுப் பார்த்துவிடுவார். "அலோ, அலோ, மைக் டெஸ்டிங்" என்பார். ஒரு பாட்டு. திருப்தி வராது. மறுபடி "அலோ." மறுபடி ஒரு பாட்டு. என் சமையல்கட்டில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்துவிடும். அம்மணி படுத்துக் கண் சொருகுகிற வேளையும் சரியாக அதுதான்.

இதில் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. நல்ல காரியத்துக்குப் போகிற செட்டென்றால் குழாய் கிழக்கு பார்க்க வேண்டும். சாவு வீட்டுக்கென்றால் தெற்கு. அவர் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான், ஒரு விரற்கடைகூட மாற்ற மாட்டார். கிழக்கே இருப்பது அம்மணியின் ஜன்னல். தெற்கே இருப்பது ஏரி.

எங்கள் தெருவில் சண்டைக்குப் பஞ்சம் கிடையாது. முருங்கை இலை எங்கள் வாசலில் உதிர்ந்தது, உங்கள் துணி துவைத்த தண்ணீர் எங்கள் படியில் நின்றது, பைக்கை வழியில் போட்டது என்று நாளொரு சண்டை நடக்கும். தெருவே இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்று, சாப்பாட்டு வேளைக்குக் கலைந்துவிடும். ஆனால் அம்மணியின் கட்சிக்கு மட்டும் ஆள் சேரவில்லை. மாரியம்மன் கோயில் கூழ் வார்ப்புக்கும் மாதா கோயில் தேருக்கும் ஓசியில் செட் போடுகிறவரை யார் பகைத்துக்கொள்வார்கள்? அவளே தனியாகப் போய்க் கேட்டாள்.

"அண்ணே, அந்தக் கொழாய தெக்கால திருப்பி வெச்சிக்கினு டெஸ்ட் பண்ணக்கூடாதா? அங்க ஏரிதான இருக்குது. யாருக்கும் பேஜாரு இல்ல."

"இன்னாம்மா பேசற? நாளைக்கி ஒரு பொண்ணு கழுத்துல தாலி ஏறப்போவுது. அதுக்குத் தெக்க பாத்து பாட்டு போடச் சொல்றியே, அந்தப் பொண்ணு நல்லா இருக்க வேணாமா?"

"நான் நல்லா இருக்க வேணாமாண்ணே?"

"நீ ராத்திரி தூங்கும்மா."

"ராத்திரி டூட்டிண்ணே."

"அதுக்கு நான் இன்னா பண்ணுவேன்? பகல்ல தூங்கறவங்கள பாத்துக்கினு யாராவது கல்யாணம் வெப்பாங்களா?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. அதுதான் எரிச்சலே. கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டாவது நிம்மதியாக இருக்கலாம்.

அம்மணி போலீஸ் ஸ்டேஷனுக்கும் போய்ப் பார்த்தாள். அங்கே ஒருவர் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ராத்திரி பத்துக்கு மேல போட்டார்னா சொல்லும்மா, ஜல்தியா வந்து நிறுத்தறோம்" என்றாராம். ராத்திரி பத்துக்கு மேல் அவள் ஆஸ்பத்திரியில் இருப்பாள். என்னிடம் இதைச் சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதற்குள் டூட்டியில் இரண்டு தடவை தூங்கி மாட்டிக்கொண்டாள். இன்னொரு தடவை பார்த்தால் வேறு ஆள் போட்டுக்கொள்வேன் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவளுடைய பகலெல்லாம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. முழுத் தூக்கமும் இல்லை, முழு விழிப்பும் இல்லை. படுப்பாள், கண்ணுக்குள் வார்டு விளக்குகள் வரிசையாக எரியும். கட்டில்கள் மெல்ல மிதந்து தெருவுக்கு வரும். எல்லா நோயாளியும் ஒரே குரலில் "அலோ, அலோ" என்று கூப்பிடுவார்கள். அவள் ஒவ்வொருவருக்கும் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடுவாள். டம்ளருக்குள்ளிருந்து நாதஸ்வரம் வரும். எழுந்து உட்கார்ந்தால் ஜன்னல் கம்பி அதிர்ந்துகொண்டிருக்கும். இதை அவள் என் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து, வேகவைத்த மல்லாட்டைக் கடலையை உரித்துக்கொண்டே சொல்வாள். எது நடந்தது, எது கனவு என்று அவளுக்கே பாதி நேரம் தெரியாது. கேட்கிற எனக்கும் தையல் கோணிக்கொண்டு போகும்.

குழாய் தெற்கு பார்க்கிற நாட்கள் வேறு. அன்றைக்கும் பாட்டுப் போடுவார். அது ஏரிமேல் போய்விடும். தண்ணீரைத் தொட்டு, அக்கரைப் பனைமரங்களைத் தொட்டு, களைத்துப்போய், யாரோ தூரத்தில் முனகுகிற மாதிரித் திரும்பி வரும். அந்த முனகலில் அம்மணி தூங்கிப்போவாள். அந்தத் தூக்கத்தில் ஏரி நிறைந்திருக்குமாம். தண்ணீர்மேல் வெறுங்காலோடு நடப்பாளாம், பாதம் நனையாதாம். மெர்லின் அக்கரையில் வெள்ளைச் சீருடையோடு நின்று கையாட்டுவாளாம். சாயங்காலம் எழுந்து வருகிறபோது அவள் முகம் கழுவி வைத்த வெண்கலப் பாத்திரம் போல இருக்கும். "இன்னிக்கி எந்த ஊர்லக்கா சாவு?" என்று என்னிடம் கேட்பாள். வானூர்ப் பக்கம் ஒருத்தர், திருவக்கரையில் ஓர் அம்மா என்று தெரிந்ததைச் சொல்வேன். பேரையும் கேட்டுக்கொள்வாள். மாதா படத்துக்கு முன்னால் அந்தப் பேருக்கு ஒரு மெழுகுவத்தி ஏற்றுவாள்.

நான் முதலில் அதை இரக்கம் என்று நினைத்தேன். இரக்கம்தான், ஆனால் அது மட்டும் இல்லை. காலையில் தெருமுனை திரும்பும்போதே அவள் கண் மாடிக்குப் போவதைக் கவனித்தேன். கிழக்கு பார்த்திருந்தால் நடை தளர்ந்துவிடும். தெற்கு பார்த்திருந்தால் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். வந்த வேகத்தில் அதை அவள் துடைத்துப்போடுவாள்.

தை மாதம் வந்தது. வரிசையாகக் கல்யாணம். குழாய் கிழக்கை விட்டு நகரவே இல்லை. அம்மணிக்குக் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்தது, பஸ்ஸில் தூங்கி இரண்டு ஸ்டாப் தாண்டிப் போய் இறங்கி நடந்து வந்தாள்.

அந்த வாரத்தில் அவள் வார்டில் மாரியப்பன் என்று ஒரு பெரியவர். பக்கத்துக் கிராமம். மூச்சு விட மலையேறுகிற மாதிரிக் கஷ்டப்பட்டார். அவர் மகன் பேச்சுவாக்கில், "எங்க ஊருக்கு நல்லதோ கெட்டதோ உங்க தெரு வெங்கடாசலம் செட்டுதாங்க" என்று சொல்லியிருக்கிறார். ஒரு நாள் விடியற்காலை, மகன் டீ வாங்கப் போயிருந்தபோது, பெரியவர் அம்மணியின் கையைப் பிடித்துக்கொண்டார். ஜன்னலில் வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. அவளும் அவர் நெற்றியைத் தடவிக்கொண்டு நின்றாள். அப்போது அவளுக்குள் ஒரு குரல், மிகவும் சாதாரணமாக, கடைக்குப் போய்வா என்று சொல்கிற மாதிரிச் சொன்னது: இவர் இப்போது போய்விட்டால் இன்றைக்குத் தூங்கலாம்.

அவள் கையை உதறவில்லை. உதறினால் அவருக்குத் தெரிந்துவிடும் என்று பயந்தாளாம். மகன் வரும்வரை அப்படியே நின்றாள். பெரியவர் இரண்டு வாய் கஞ்சி குடித்துவிட்டுக் கண் மூடிக்கொண்டார். மூச்சு மட்டும் இருந்தது. டூட்டி முடிந்து அவள் வெளியே வந்தாள்.

அன்று அவள் தன் வீட்டுக்குப் போகவில்லை. வெங்கடாசலம் வீட்டு மாடிப்படியில் பாதி ஏறி நின்றாள். மேலே அவர் துணியால் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது கிழக்கு பார்த்திருந்தது. நான் மிஷினை நிறுத்திவிட்டேன். குறுகிய தெரு, அவர்கள் பேசுவது தெளிவாகக் கேட்டது.

"அண்ணே, சண்டைக்கி வரல. ஒண்ணு சொல்லணும்."

"சொல்லும்மா."

"நீங்க தெக்க வெக்கிற அன்னிக்கித்தான் நான் தூங்கறேன். அதனால எவன் சாவான்னு பாத்துக்கினு கெடக்கறேன். இன்னிக்கி காலைல ஒரு பெரியவரு கைய புடிச்சிக்கினே, இவரு போய்ட்டா தேவலன்னு நெனைச்சிட்டேன். நான் அப்படியாப்பட்டவ இல்லண்ணே. நான் அப்படி இருந்ததே இல்ல."

அவள் குரல் உயரவில்லை. வெங்கடாசலம் துணியைக் கீழே போட்டார். தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்தார்.

"அடமழை மாசத்துல எனக்கு ஒரு கல்யாணம் வராதும்மா" என்றார். "செட்டு மூலையில கெடக்கும். அப்ப போன் அடிச்சி, இந்த மாரி எங்கூட்ல தவறிட்டாங்கன்னு அழுவாங்க. எனக்கு மொதல்ல சந்தோசந்தான் வரும். அப்புறந்தான் யாருன்னு கேப்பேன். இத நான் எம் பொண்டாட்டிக்கிட்டகூட சொன்னதில்ல."

பக்கத்துப் பக்கத்துச் சுவருக்குள் இரண்டு பேர் ஒரே பாரத்தைத் தனித்தனியாகத் தூக்கிக்கொண்டு இத்தனை வருஷம் மல்லுக்கு நின்றிருக்கிறார்கள்.

பிறகு அவர் எழுந்தார். ஸ்பானரை எடுத்துக் கம்பத்தின் போல்ட்டைத் தளர்த்தினார். கல்யாணச் செட். குழாயை மெல்லத் தெற்குப் பக்கம் திருப்பத் தொடங்கினார். அம்மணி மீதிப் படிகளை ஓடி ஏறிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாண்ணே. கெழக்கயே இருக்கட்டும்."

"தூக்கம் வேணும்னு சொன்னியேம்மா."

"இது எம் பக்கம் பாத்து கத்தினா, இன்னிக்கி எங்கியும் சாவு இல்ல, அந்தப் பெரியவரு இருக்காருன்னு தெரியுதில்ல. கத்தட்டும். நான் கேட்டுக்கினே படுத்துக்கறேன்."

சொல்லிவிட்டு இறங்கிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெங்கடாசலம் குழாயைக் கிழக்குக்கே திருப்பிப் போல்ட்டை முறுக்கினார். பிறகு செட்டைப் போட்டார். அன்றைக்கு "அலோ" ஒரே தடவைதான். பாட்டும் ஒன்றுதான், ஆனால் முழுப் பாட்டு. ஜன்னல் வழியாக அது அவள்மேல் கொட்டியது. அந்தச் சத்தம் கனக்காமல், புதுத் துணி போர்த்தின மாதிரி இருந்தது என்று பின்னால் சொன்னாள். பாட்டு எங்கே முடிந்தது என்று அவளுக்குத் தெரியாது.

சாயங்காலம் விளக்கு வைத்தாகிவிட்டது. அவள் எழுந்திருக்கவில்லை. நான் கதவைத் தட்டினேன். ஜன்னலில் நின்று கத்தினேன். அசைவே இல்லை, மூச்சு மட்டும் சீராக ஏறி இறங்கியது. அவள் பிடிக்க வேண்டிய பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. இன்றைக்கு மட்டம் போட்டால் சூப்பர்வைசர் வேறு ஆளைப் போட்டுவிடுவார். மண்டபத்தில் செட்டைக் கட்டிவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்த வெங்கடாசலம் விஷயத்தைக் கேட்டார். வீட்டில் மிச்சமிருந்த ஒரு செட்டை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினார். முப்பது வருஷமாக மேடைகளில் பேசிப் பழகிய வாய். அவருக்கு வேறு விதமாகக் கூப்பிடத் தெரியாது.

"அலோ, அலோ. அன்பார்ந்த பொதுமக்களே, அம்மணிக்கு டூட்டிக்கு நேரமாயிடிச்சி. அம்மணி எங்கிருந்தாலும் உடனடியாக மேடைக்கு வரவும்."

தெரு முழுக்க வாசலுக்கு வந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை, கொஞ்ச நேரத்துக்கு. அவர் இன்னொரு தடவை மேடைக்கு அழைத்தார். கதவு திறந்தது. அம்மணி கன்னத்தில் பாய்த் தடத்தோடு வந்து நின்று, எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நல்லா தூங்கிட்டேங்கா" என்றாள்.