உப்புக் காற்றின் மேல் போட்ட பழி

பவதாரணிக்குத் தெரியாத பூச்சி தீவுப்பகுதியில் இல்லை என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைத் தொடக்கிவைத்தவரும் பவதாரணிதான். இருபத்தாறு வருடமாக விவசாயப் போதனாசிரியர். நாரந்தனையில் வெங்காயத்துக்கும் சுருவிலில் மிளகாய்க்கும் வைத்தியம் சொல்லித் திரிபவர். கமக்காரர் எந்த நோயைக் கொண்டுவந்தாலும், முதலில் இலையைத் திருப்பிப் பாருங்கோ என்பார். பாதி நோய் இலையின் அடியில்தான் குடியிருக்கும் என்பது அவர் எழுதிய துண்டுப்பிரசுரத்தின் முதல் வரி.

ஆகையால் பக்கத்து வளவு மேரிசுகந்தி தன் பத்துக் குரோட்டன் சாடிகளையும் அவரிடம் விட்டுச் சென்றதில் யாரும் பிழை சொல்ல முடியாது. சுகந்தியின் கணவர் கடற்றொழிலாளி. வருடாவருடம் ஆனி மாதம் அந்தோனியார் கோயில் பெருநாளில், புனிதரின் சுரூபத்தின் இரு பக்கமும் ஐந்தைந்தாக நிற்பவை சுகந்தியின் குரோட்டன்கள். அந்த இடத்துக்கு வேறு சிலரும் கண் வைத்திருந்தார்கள். தங்கையின் பிள்ளைப்பேற்றுக்காக ஒரு மாதம் மன்னாருக்குப் புறப்பட்ட சுகந்தி, சாடிகளை எப்படிப் பார்ப்பது என்று சொல்ல வாயெடுத்தார்.

"எனக்கோ சொல்லித் தாறீர்?" என்றார் பவதாரணி.

சுகந்தி வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறினார்.

இரண்டாம் கிழமை இலைகளில் வெளிர்ப் புள்ளிகள் தெரிந்தன, யாரோ ரவையைத் தூவியதுபோல. தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று வீசத் தொடங்கியிருந்தது. தீவில் கதவுப் பிணைச்சல் இற்றாலும், வேலித்தகரம் ஓட்டையானாலும், கல்யாணப் பேச்சுக் குழம்பினாலும்கூடக் குற்றவாளி உப்புக் காற்றுதான். பவதாரணியும் தீவில் பிறந்தவர். படிப்பை ஒரு பக்கம் வைத்துவிட்டு, ஊர் சொல்வதையே அவரும் சொன்னார். சாடிகளை விறாந்தையிலிருந்து முன்னறைக்குள் ஏற்றி யன்னலைச் சாத்தினார். கிணறு உவர் என்பதால், பவுசர் வண்டியில் வரும் நல்ல தண்ணீரை ஒரு சாடிக்கு ஒரு தம்ளராக வேரில் மட்டும் விட்டார். தூசு தெரிந்த இலைகளை ஒரு பழந்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தார். பத்துச் சாடிக்கும் ஒரே துணி.

புள்ளிகள் கூடின. கிளைக் கவர்களில் மெல்லிய வலை படர்ந்தது. கணவர் தயாபரன் ஈர்க்குக்கட்டால் அதைத் தட்டப் போனபோது, சிலந்தி பூச்சி பிடித்து உண்ணும், அதைக் கலைக்கக் கூடாது என்று அவருக்கு ஒரு முழு வகுப்பே எடுத்தார். தபால் கந்தோரிலிருந்து ஓய்வுபெற்ற மனிதர் அவர். வகுப்பைப் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் திரும்பவும் பத்திரிகைக்குள் புகுந்தார்.

பெருநாளுக்குப் பதினான்கு நாள் இருக்கும்போது இலைகள் கொட்டத் தொடங்கின.

"எல்லாருக்கும் சொல்லுறனீர், இலையைத் திருப்பிப் பாக்கச் சொல்லி," என்றார் தயாபரன், பத்திரிகையை இறக்காமலே. "நீர் திருப்பினனீரோ?"

திருப்பவில்லை. பவதாரணி அப்போதுதான் திருப்பினார். அடியில் பொடி மண் ஒட்டியதுபோல இருந்தது. கைக்கு அகப்பட்ட தாளை விரித்து அதன்மேல் இலையைத் தட்டினார். விழுந்த பொடியில் பாதி சும்மா கிடந்தது. மறுபாதி நடந்தது. விரலால் தேய்த்தபோது செம்மண் நிறத்தில் கோடு இழுபட்டது. சிலந்திச் சிற்றுண்ணி; கிளைக் கவர்களில் வலை கட்டியதும் அதுதான். தாளைப் புரட்டினால் மறுபக்கத்தில் அவருடைய துண்டுப்பிரசுரம், அவருடைய படத்தோடு.

பிறகு எல்லாம் வரிசையாக விளங்கியது. காற்றோட்டமில்லாத, வறண்ட, சூடான இடம் சிற்றுண்ணிக்கு மாமியார் வீட்டு விருந்து. அந்த முன்னறையைக் கொடுத்தவர் பவதாரணி. இலையில் தண்ணீர் படாமல் காத்தவரும் அவரே. ஒரு சாடியில் இருந்ததைத் துணியால் மற்ற ஒன்பதுக்கும் பரிமாறியவரும் அவர்தான். உப்புக் காற்று செய்த ஒரே காரியம், வீசியது.

விவசாயக் கந்தோரில் மருந்து இல்லையோ என்று தயாபரன் கேட்டார். அது எட்டுக் கால் பிராணி, பூச்சிமருந்து அதை விட்டுவிட்டு அதைத் தின்னும் நல்ல பூச்சிகளைத்தான் கொல்லும் என்று விளக்கினார் பவதாரணி. இம்முறை வகுப்பு சரியாகத்தான் இருந்தது. எடுத்தவரின் குரல்தான் சற்றுத் தாழ்ந்திருந்தது.

மோசமான இலைகளை வெட்டிப் பையில் போட்டுக் கட்டினார். சாடிகளை இடைவெளி விட்டு முற்றத்து நிழலில் வைத்தார். ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி சவர்க்காரக் கரைசல் கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பக்கம் நனைய அடித்தார். முட்டைகள் இதற்குச் சாகாது. பொரித்து வருபவற்றைப் பிடிக்க நான்கு நாளுக்கொருமுறை திரும்பவும் கழுவ வேண்டும். இரண்டு தரம் கழுவியாயிற்று. சிற்றுண்ணி குறைந்தது. குரோட்டனும் குறைந்திருந்தது: பத்துத் தடி, உச்சியில் சில இலை.

பெருநாளுக்கு ஐந்து நாள் முன்னதாகச் சுகந்தி வந்தார். பவதாரணியிடம் ஒரு நல்ல வசனம் தயாராக இருந்தது: இந்த முறை சோளகம் கடுமை. தீவில் அதை மறுத்துப் பேச ஒருவரும் இல்லை. சுகந்தி தடிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தபோது பவதாரணி அந்த வசனத்தைக் கைவிட்டார்.

"காத்தில்லை, சுகந்தி. நான்தான் கெடுத்தனான்," என்றார்.

சுகந்தி உச்சியில் மிஞ்சிய ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "குளிச்சு முடிய கடைசி வாளியை அதுகளுக்கு ஊத்தி, இலைக்கு அடியால கையால வழிச்சு விடுறனான். அதைத்தான் அண்டைக்குச் சொல்ல வந்தனான். நீங்கள் விடேல்லை, அக்கா," என்றார்.

சாடிகளை இப்படியே கோயிலில் வைத்தால் பக்கத்துச் சாடிகளுக்கும் தொற்றும். அதையும் பவதாரணிதான் சொல்ல வேண்டியிருந்தது. அப்படியென்றால் அலங்காரம் செய்யும் பெண்களிடம் நீங்களே வந்து காரணம் சொல்லுங்கோ என்றார் சுகந்தி. பவதாரணி போனார், சொன்னார். அந்தப் பெண்களில், சுகந்தியின் இடத்துக்குக் கண் வைத்திருந்த பிலோமினம்மா மட்டும் கேட்டார்: "அப்ப மிஸ், உங்களிட்டக் கேட்டு நாங்கள் மருந்தடிச்ச மிளகாயெல்லாம் எப்படித் தப்பினது?" சிரிப்பு அடங்கப் பல நிமிடம் பிடித்தது. ஆனால் மறுநாளே நான்கு பெண்கள் நோய்கண்ட இலைகளோடு வந்தார்கள். நோயை வளர்த்துப் பார்த்தவருக்குத்தானே அதன் குணம் தெரியும் என்பது அவர்களின் கணக்கு. இருபத்தாறு வருடத்தில் எந்த வகுப்புக்கும் யாரும் இப்படித் தாமாக வந்ததில்லை.

பெருநாள் காலையில் சுரூபத்தின் இரு பக்கமும் பிலோமினம்மாவின் அந்தூரியம் நின்றது. சுகந்தி பூசைக்குப் புறப்பட்ட சேலையோடு பவதாரணியின் முற்றத்துக்கு வந்து, ஒரு தாளை விரித்து, சாடி சாடியாக இலையைத் தட்டிப் பார்த்தார். ஒன்பதில் ஒன்றும் நடக்கவில்லை. பத்தாவதில் இரண்டு நடந்தன.

"இன்னும் ரெண்டு தரம் கழுவுங்கோ. நான் பூசை முடிய வந்து பாக்கிறன்," என்றார்.

"ஓம்," என்றார் விவசாயப் போதனாசிரியர், வாளியை எடுத்துக்கொண்டே.