தள்ளிவைத்தலும் விட்டுக்கொடுத்தலும்

மொழிபெயர்க்க எது வந்தாலும் அந்த அம்மா முதலில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, தாளை மூக்கில் உரசுகிற மாதிரி பிடித்து, முழுக்க ஒருமுறை முணுமுணுப்பார். பிறகுதான் பேனாவைத் தொடுவார். நடுவில் எதிரே இருப்பவர் வாய் திறந்தால், "கொஞ்சம் பொறுங்க, நான் இன்னும் உள்ள போயிட்டு வரல" என்பார்.

ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் ஒற்றை அறை. பிறப்புச் சான்றிதழ், மருத்துவ அறிக்கை, வக்கீல் கடிதம் எதுவானாலும் அங்கேதான் ஆங்கிலம் தமிழாகும், தமிழ் ஆங்கிலமாகும். அவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். தெருவுக்கே அவர் 'அகராதியம்மா'.

சொந்த வேலை எதுவானாலும் "நாளைக்குப் பாத்துக்கலாம்". ஜன்னல் கொக்கி உடைந்து ஒரு வருடமாகக் கயிற்றால் கட்டியபடியே இருக்கிறது. பல்வலிக்குத் தேதி மாற்றி மாற்றி, பல் டாக்டரே சலித்துப்போய் ஃபோன் பண்ணுவதை நிறுத்திவிட்டார். ஆனால் விட்டுக்கொடுப்பது என்பது மட்டும் அவரிடம் கிடையாது. ஓர் அரைப்புள்ளிக்காகப் பேராசிரியர் ஒருவரோடு முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டியவர். "இவகிட்ட ஜெயிக்கணும்னா இவ தூங்கறப்பதான் பேசணும்" என்பது கணவரின் அனுபவம்.

சொற்களைப் பற்றி உறவுக்காரர்களைப் போலப் பேசுவார். "இது சிரிச்சு சிரிச்சுப் பழகும், நம்பிடக் கூடாது." "இது கோவக்காரச் சொல்லு, பாத்துத்தான் எறக்கணும்."

போன வாரம் என் சான்றிதழுக்காக அங்கே காத்திருந்தேன். நர்ஸ் ஒருவர் சீருடையோடு மாடியேறி வந்தார். தங்கையின் வக்கீலுக்கு அனுப்ப வேண்டிய கடிதம் ஒன்றை ஆங்கிலத்தில் ஆக்கித் தரவேண்டுமாம். அதன் கடைசி வரி, 'எனக்குத் தங்கை என்று இனி யாரும் இல்லை.'

"அம்மா போனப்புறம் வீட்டை விக்கலாமான்னு கேட்டேன். அவ வக்கீல் எழுதின பதிலை நீங்கதான் தமிழ்ல போட்டுக் கொடுத்தீங்க. இப்ப முடிவு வேணாம், தள்ளி வைக்கிறேன்னா. வீடு ஒழுகுது, வாங்க வந்தவங்களும் போயிட்டாங்க. ஏழு மாசமா அவ ஃபோனை நான் எடுக்கறதே இல்ல."

"அந்தப் பழைய இங்கிலீஷ் கடிதம் இருக்கா?"

இருந்தது. அகராதியம்மா முணுமுணுக்க ஆரம்பித்தார். பாதியில் முணுமுணுப்பு நின்றது. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார்.

"இங்கிலீஷ்ல டிஃபர்னு ரெண்டு சொல்லு இருக்கும்மா. எழுத்து ஒண்ணுதான், வந்த வழி வேற. லத்தீன்ல வேற பக்கமா கொண்டுபோறதுன்னு ஒரு சொல்லு. தள்ளிப்போடறது அதுலேருந்து வந்தது. கீழ கொண்டுபோய் வைக்கிறதுன்னு இன்னொண்ணு. என் பேச்சை எறக்கி வச்சுட்டேன், நீங்க சொல்றபடியே ஆகட்டும்னு அர்த்தம். அதுக்குப் பின்னாடி 'டு'ன்னு ஒரு பொடிச் சொல்லு ஒட்டிக்கிட்டு வரும். இங்க வந்திருக்கு."

"அப்படின்னா?"

"தங்கச்சி எதையும் தள்ளி வைக்கல. 'அக்கா என்ன முடிவு பண்ணாலும் சரி'ன்னு விட்டுக்கொடுத்திருக்காங்க. நான்தான் தப்பாப் போட்டுட்டேன்."

வக்கீலின் ஆங்கிலம் சரியில்லை, அவசரத்தில் கொடுத்தீர்கள் என்று ஏதாவது சாக்கு பின்னால் வரும் என எதிர்பார்த்தேன். வரவில்லை.

நர்ஸ் தன் கடிதத்தை நான்காக மடித்தார், எட்டாக மடித்தார். அதற்கு மேல் மடிக்க முடியவில்லை.

"அப்ப ஏழு மாசமா அவ என் பதிலுக்கா காத்துட்டிருந்தா?"

"ஆமாம்மா."

நர்ஸ் கைப்பையிலிருந்து ஃபோனை எடுத்தார். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்கள். "அக்கா?" என்ற குரல் எனக்கே கேட்டது. நர்ஸ், "நீங்களே சொல்லுங்கம்மா" என்று ஃபோனை மேஜைக்கு மேலாக அப்படியே நீட்டினார்.

அகராதியம்மா அதை வாங்கிக்கொண்டு நாற்காலியை விட்டு எழுந்தார்.

"நான் உங்க அக்கா இல்லம்மா. உங்க வக்கீல் கடிதத்தைத் தமிழ்ல போட்டவ. ஒரு தப்பு பண்ணிட்டேன்" என்று ஆரம்பித்தவர், முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை உட்காரவே இல்லை.