கப்பலைக் கேள்வி கேட்காத ஒரு நாள்

பக்கத்து வீட்டுத் தறி ஓடாத ஒரு காலையில்தான் அந்த யோசனை வந்தது. அன்று அமாவாசை. ஆரணியில் பட்டு நெய்கிறவர்கள் அமாவாசையன்று தறியில் உட்கார மாட்டார்கள். நானோ எங்கேயோ நங்கூரம் போட்டு நின்றிருந்த ஒரு கப்பலோடு பேசிக்கொண்டிருந்தேன்.

"என்ன மேடம், இன்னைக்கு அந்த டக்கடக் சத்தத்தைக் காணோம். மெஷின் எதுவும் டவுனா?" என்று கேட்டார் கப்பலின் சீஃப் இன்ஜினியர்.

"எங்க தெருவே டவுன் சார். அமாவாசை லீவு."

"கொடுத்து வச்சவங்க."

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஒரு கம்பெனி. பிறருடைய கப்பல்களைப் பராமரித்துக் கொடுப்பது தொழில். இன்ஜினை ஓட்டுவது கப்பலில் இருப்பவர்கள். எதை எப்போது பிரித்துப் பார்க்க வேண்டும், என்ன சாமான் எந்தத் துறைமுகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று கரையிலிருந்து துரத்துவது நாங்கள். பாதி நாள் சென்னை, பாதி நாள் ஆரணியில் எங்கள் மாடி அறை. நான் மெக்கானிக்கல் படித்தவள், கப்பலில் கால் வைத்ததில்லை. அப்படியிருந்தும் ஒரு நிலக்கரிக் கப்பலை மேனேஜர் என்னிடம் நம்பிக் கொடுத்திருந்தார். அதன் ஜெனரேட்டர்களில் ஒன்று மின்சார லோடு ஏற்றினாலே சூடாகித் திணறியது. அடுத்த துறைமுகத்தில் பரிசோதனைக்கு ஆட்கள் ஏறுவார்கள். அதற்குள் அது சரியாகவில்லை என்றால் கப்பலை என்னிடமிருந்து எடுத்து ஒரு சீனியரிடம் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

"எப்பதான் சார் பிரிப்பீங்க?" என்றேன்.

"பிரிக்கத்தான் உட்கார்றோம். உடனே ஆபீஸ்லருந்து ஒரு மெயில் வருது. போட்டோ எங்க, எண்ணெய் கணக்கு எங்கன்னு. கையைக் கழுவிட்டு மேல ஏறிப் பதில் எழுதுறேன். இறங்கி வந்தா அடுத்த மெயில். இப்ப கப்பல்லயே நல்லா ஓடுற மெஷின் என் கம்ப்யூட்டர்தான்."

எனக்குச் சுருக்கென்றது. போனை வைத்துவிட்டுக் கீழே போனேன். பக்கத்து வீட்டு அக்கா வாசலைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"இன்னாமா, காலைலயே எவனையோ வறுத்துகினு கீற?"

"வறுக்கலக்கா, வேலை முடிஞ்சுதான்னு கேட்டேன்."

"எங்க மொதலாளியும் அதான் சொல்லுவாரு. தறிலேந்து பொடவை எப்ப அறுப்ப, எத்தினி மொழம் ஆச்சுன்னு. இன்னிக்கி மட்டும் வாயத் தொறக்க மாட்டாரு."

"ஏன், சாமி கண்ணக் குத்துமா?"

"போன் அடிச்சா எவனும் எடுக்க மாட்டான். அது அவருக்கே தெரியும்."

வாளித் தண்ணீரை அவர் வீசி ஊற்ற, நான் ஒதுங்கி நின்றேன். தறி நிற்பதை மட்டும்தான் இத்தனை வருஷமாகக் கவனித்திருக்கிறேன். முதலாளியின் போனும் நிற்கிறது என்பது அன்றுதான் உறைத்தது. கப்பல் வேலையை நிறுத்த முடியாது. எங்கள் மெயிலை நிறுத்தலாமே?

மாடிக்கு ஓடி மேனேஜரைக் கூப்பிட்டேன். வாரத்தில் ஒரு நாள் அந்தக் கப்பலுக்கு ஆபீஸிலிருந்து ஒரு கேள்வியும் போகக் கூடாது, அவசரம் என்றால் அவர்களே கூப்பிடட்டும் என்றேன்.

"கப்பலுக்கு அமாவாசையா?" என்றார். "பௌர்ணமிக்கு என்ன பண்ணலாம், கிரிவலமா?"

"ஒரே ஒரு தடவை பார்ப்போம் சார்."

"பாரு. ஆனா பரிசோதனைத் தேதி தள்ளிப் போகாதுமா. நான் சொன்னது சொன்னதுதான்."

மற்ற டிபார்ட்மெண்டுகளுக்கும் அவரே சொல்லி வைத்தார். வியாழக்கிழமை என்று முடிவாயிற்று. அன்றைக்கு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. மெயில் எழுதுவேன், அழிப்பேன். மத்தியானம் வண்டியை எடுத்துக்கொண்டு போளூர் ரோட்டில் சும்மா போய்விட்டு வந்தேன். பேஜாராக இருந்தது.

சாயங்காலம் சீஃபே கூப்பிட்டார்.

"லோடு எடுக்குது மேடம். சூடு இறங்கிடுச்சு."

"என்ன சார் ஆச்சு?"

"இன்ஜினுக்குள்ள போற காத்தைக் குளிர வைக்கிற கூலர் இருக்கே, உள்ள மொத்தமும் எண்ணெய் அழுக்கு. கழட்டி நாள் பூரா மருந்துல ஊறப்போட்டோம்."

"அதைப் போன மாசம் சுத்தம் பண்ணி போட்டோ அனுப்பியிருந்தீங்களே?"

"போட்டோவை நல்லாப் பாருங்க. மூடியைத்தான் துடைச்சிருக்கோம். நீங்க போட்டோ கேட்டீங்க, போட்டோ வந்துச்சு."

எடுத்துப் பார்த்தேன். மூடி பளபளவென்று இருந்தது. எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. மற்ற கப்பல்களிலிருந்து வருகிற படங்களும் இப்படித்தானே பளபளக்கின்றன?

பரிசோதனையில் சில்லறைக் குறைகள் இரண்டு மூன்று எழுதினார்கள். ஜெனரேட்டரை முழு லோடில் ஓட்டிப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனார்கள். மேனேஜர் பாராட்டவில்லை. "வியாழக்கிழமை இருக்கட்டும்" என்றார். கப்பல் என்னிடமே இருக்கிறது.

இப்போது இரண்டு வேலை கையில் எடுத்திருக்கிறேன். துடைத்து முடித்த படம் வேண்டாம், திறந்ததும் உள்ளே கண்ட அழுக்கின் படம் போதும் என்று விதியை மாற்றச் சொல்லி எழுதிக்கொண்டிருக்கிறேன். அழுக்கைக் காட்டினால் ஆபீஸ் திட்டும் என்று கப்பல்காரர்கள் பயப்படுவார்கள்; அந்தப் பயத்தை எப்படிப் போக்குவது என்று இன்னும் பிடிபடவில்லை. அதற்குத்தான் இரண்டாவது வேலை. அடுத்த மாதம் கப்பல் எண்ணூருக்கு வருகிறது. ஏற அனுமதி கேட்டிருக்கிறேன். ஒரு வியாழக்கிழமை முழுக்க இன்ஜின் அறையில், வாயைத் திறக்காமல், அவர்கள் பக்கத்தில் நின்று பார்க்கப்போகிறேன்.