கொலுசு கேட்டவள்

ஒரு அரைப் பரீட்சை லீவில், நாக்பூருக்கு ஆரஞ்சு ஏற்றக் கிளம்பிய அப்பா என்னையும் தங்கையையும் கூப்பிட்டு, "கொலுசு வேணுமா, என்கூட லாரியில வாரீங்களா?" என்று கேட்டார். நான் கொலுசு என்றேன். தங்கை லாரி என்றாள்.

கொலுசு இன்னும் பீரோவின் இரண்டாம் தட்டில், பஞ்சு வைத்த டப்பாவில் இருக்கிறது. பொங்கலுக்கு முன்பு விபூதி போட்டுத் துடைப்பேன். ஒரு முத்துகூட உதிரவில்லை. ஆனால் அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் இவ்வளவுதான் உண்டு.

தங்கைக்கு அந்தப் பயணம் தீருவதே இல்லை. அப்பா சேலத்தில் என்னோடு இருக்கிறார். மாத்திரையும் முட்டித் தைலமும் என் பொறுப்பு. அவள் எடப்பாடியிலிருந்து மாதம் ஒருமுறை வருவாள். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவாள்.

"ஏனுங்கப்பா, அந்த ஓட்டல்காரன் என்னைப் பையன்னு நெனச்சானே, ஞாபகமிருக்குதுங்களா?"

"என்ற சட்டையைப் போட்டுட்டு உக்காந்திருந்தா வேற என்ன நெனப்பான் சாமி? பச்சமொளகாயைக் கடிச்சுப்போட்டு நீ அழுத அழுகை இருக்குதே..."

"அழுதது நானில்லீங்க, கிளீனருங்க!"

அப்பா இருமல் வரும்வரை சிரிப்பார். என்னோடு பேசும்போது அவருக்கு அப்படி இருமல் வந்ததே இல்லை. நான் அடுப்படியில் காபி ஆற்றிக்கொண்டு நிற்பேன். ஒருமுறை பொறுக்க முடியாமல், "போன தடவை மழைன்னு சொன்னே, இப்பப் பனிங்கறே" என்று திருத்தினேன்.

"உனக்கென்னக்கா, உனக்குத்தான் கொலுசு இருக்குதுல்ல" என்றாள்.

அதற்கும் அப்பா சிரித்தார். அன்றைய டைரியில் 'தங்கை வந்து போனாள்' என்று மட்டும் எழுதினேன்.

கார் ஓட்டக் கற்றதற்கும், பிறகு கார் வாங்கியதற்கும் கேட்டவர்களிடம் வேறு வேறு காரணம் சொன்னேன். எனக்கும் அப்பாவோடு ஒரு பயணம் வேண்டியிருந்தது.

போன தை மாதம் திருச்செங்கோட்டில் ஒரு கல்யாணம். போகும் வழியெல்லாம் அப்பாவிடம் பேச்சு வரவில்லை. "ஜன்னலைத் தொறந்து உடு சாமி, டப்பாக்குள்ள அடைச்சாப்புல இருக்குது" என்றார், அவ்வளவுதான். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. திரும்பும்போது, மல்லசமுத்திரம் தாண்டியதும் முன் டயர் பஞ்சர்.

கார் வாங்கியபோது கொடுத்த புத்தகத்தை முழுதும் படித்தவள் நான். ஜாக்கியை வைத்துக் காரைத் தூக்கிவிட்டு, பிறகு நட்டைத் திருகினேன். சக்கரம்தான் சுற்றியது.

"லாரிக்காரன் புள்ளைன்னு வெளிய சொல்லிராதே!" அப்பா தடியை ஊன்றி இறங்கி வந்தார். "எறக்கு மொதல்ல. நட்டைத் தளத்திட்டுத்தான் தூக்கோணும்."

பைக்கில் போன ஒருவர் நிறுத்தி, "நான் பாக்கட்டுங்களா?" என்றார்.

"நீங்க போங்க தம்பி. என்ற புள்ள பண்ணிக்குவா."

காரை இறக்கினேன். அப்போதும் நட்டு அசையவில்லை. ஸ்பானர் மேல் ஏறி நிற்கச் சொன்னார். பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அவர் தோளைப் பிடித்து ஏறினேன். என் கனம் முழுவதும் அந்தத் தோளில் இறங்கியது. அவர் அசையவில்லை. நட்டு 'டக்'கென்று விட்டது. "அப்படிப் போடு!" என்று கத்தினார். பிறகு சேலம் வரை அவர் வாய் ஓயவில்லை.

அடுத்த மாதம் தங்கை வந்தாள். அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் அப்பா ஆரம்பித்துவிட்டார்.

"உங்கக்கா பண்ணுன கூத்தைக் கேளு. தூக்கி வெச்சுட்டு நட்டைக் கழட்டறா!"

அவள் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். நடுவில் சிரிப்பு நின்றது.

"நாக்பூர் ரோட்டுல டயர் மாத்தறப்ப நானும் வாரேன்னு அழுதேன். கீழயே எறங்கக் கூடாதுன்னுட்டீங்க. ஒரு நட்டைத் தொட உடலையே நீங்க."

"நீ அப்பச் சின்னப் புள்ள சாமி."

அவள் முகம் போன போக்கு எனக்கு நன்றாகத் தெரிந்ததுதான். அடுப்படியில் நின்று அந்த முகத்தை எத்தனையோ தடவை நான் வைத்திருக்கிறேன். பாவமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

"நட்டு எப்படிக்கா கழண்டுச்சு?" என்றாள்.

அப்பா என்னைப் பார்த்தார். தோளைப் பிடித்ததை அவரும் சொல்லவில்லை.

"மிதிச்சேன், கழண்டுருச்சு" என்றேன்.